ஷோத்கங்கா மதிப்புரை: பின்னிணைப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கத் தரும் தளம் ஷோத்கங்கா. குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பட்டம் பெற்ற ஆய்வேட்டின் மின்படியை இங்கே சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009 விதிமுறையில் கட்டாயமாக்கியது. பட்டம் அறிவிக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று 2016 விதிமுறை அதை இன்னும் இறுக்கியது. அறிவியல், பொறியியல், சமூகவியல், தமிழ் என்று எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

2025 ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடைமுறைக்கு வந்தபின், அரசு கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. அதற்குப் பிறகும் ஷோத்கங்கா எதற்கு? ஆய்விதழ்க் கட்டுரையில் செய்முறை அரைப்பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆய்வேட்டிலோ கருவியை எப்படி அளவுத்திருத்தம் செய்தார்கள், எந்த ஊர்க் கிணறு, எத்தனை வீடு, என்ன கேள்வி கேட்டார்கள் என்பதெல்லாம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் பின்னிணைப்பில். இந்தத் தளத்தின் பெறுமானம் அங்கேதான்.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு. வேதியியல், கட்டடப் பொறியியல், பல் மருத்துவம், சமூகப்பணி என்று பல துறைகள் தொட்ட விஷயம். குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை. இந்த இரண்டு எண்களில் எதை வைத்து ‘பாதிக்கப்பட்ட கிராமம்’ என்று கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு கொள்கை ஆய்வின் முடிவு மாறிவிடும். அதைச் சுருக்கத்தில் பார்க்க முடியாது, உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

தேடலில்தான் முதல் சறுக்கல். தளம் டிஸ்பேஸ் என்ற மின்களஞ்சிய மென்பொருளில் ஓடுகிறது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், குறிச்சொல் ஆகியவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவேற்றுபவர் கையால் தட்டச்சு செய்கிறார். எழுத்து மாறினால் ஆய்வேடு கண்ணில் படாது. ‘கிரவுண்ட்வாட்டர்’ என்று சேர்த்துத் தேடினால் வருவது வேறு, பிரித்துத் தேடினால் வருவது வேறு. ஃபுளோரைடு நீக்கத்தைக் குறிக்கும் ‘டீஃபுளோரிடேஷன்’ என்பதை நடுவில் இணைப்புக்கோடு போட்டும் போடாமலும் இரண்டு தடவை தேட வேண்டும். திருச்சியை முழுப்பெயரிலும் சுருக்கப் பெயரிலும், தமிழ்நாட்டைச் சேர்த்தும் பிரித்தும் தேட வேண்டும். நெறியாளர் பெயரில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், புள்ளியோடும் இல்லாமலும் இருக்கும். அதனால் வடிகட்டியில் ‘சமம்’ என்பதை விட்டுவிட்டு ‘உள்ளடக்கியது’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரின் நடுப்பகுதியை மட்டும் கொடுப்பது நல்லது.

பல்கலைக்கழகம், துறை என்று இறங்கிப் பார்க்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் தனித்தனித் துறையாக இல்லாமல் கட்டடப் பொறியியல் புலம், அறிவியல் மற்றும் மானிடவியல் புலம் என்று புலவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீர் தொடர்பான ஒரே வகை ஆய்வு இந்த இரண்டிலும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம்.

ஆய்வேடு கிடைத்ததும் அது ஒரே கோப்பாக வராது, துண்டு துண்டாக இருக்கும். 01 தலைப்புப் பக்கம், 02 முகப்புப் பக்கங்கள், 03 பொருளடக்கம், 04 சுருக்கம், பிறகு இயல்கள், பின்னிணைப்பு, கடைசியில் 80 என்ற எண்ணோடு தலைப்பும் முடிவுரையும் சேர்ந்த கோப்பு. எல்லாரும் 80-ஐத்தான் முதலில் திறக்கிறார்கள். 03-ஐ முதலில் திறப்பதே சரி. அட்டவணைப் பட்டியலையும் பின்னிணைப்புத் தலைப்புகளையும் அங்கே பார்த்துவிட்டு, அவை உண்மையிலேயே ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பொருளடக்கத்தில் ‘பின்னிணைப்பு 3: வினாநிரல்’ என்று இருக்கும், கோப்பு இருக்காது. அப்படியானால் நெறியாளர் துறைக்கு எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, ஆய்வேட்டுக்குள் போனால்தான் தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறை பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்திகரித்த நீரில் மிச்ச ஃபுளோரைடை எப்படி அளந்தார்கள் என்று செய்முறை இயலில் தேடுங்கள். ஸ்பேட்ன்ஸ் என்ற நிறமாற்ற முறையில், நீரைக் காய்ச்சி வடிக்காமல் நேரடியாக அளந்திருந்தால் எச்சரிக்கை தேவை. படிகாரத்திலிருந்து வந்த அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கருவி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். சுத்திகரிப்பு அபாரமாக நடந்ததுபோலத் தோன்றும். ஃபுளோரைடு அயனியை மட்டும் உணரும் அயனித் தேர்வு மின்முனையில், அலுமினியத்தைக் கட்டிவைக்கும் டிசாப் கரைசல் கலந்து அளந்திருந்தால் அந்தப் பிடிப்பு விடுபட்டு எண் நம்பகமாக இருக்கும். கட்டுரையில் ‘நிலையான முறைப்படி அளக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் போய்விடும். ஆய்வேட்டில் வினைப்பொருள் பெயர், கருவியின் மாதிரி எண் வரை இருக்கும்.

பொறியியல் ஆய்வேடுகளில் பார்க்க வேண்டியது, பயன்படுத்தியது ஊர்த் தண்ணீரா, ஆய்வகத்தில் கலக்கிய தண்ணீரா என்பது. ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 2.21 கிராம் சோடியம் ஃபுளோரைடு கரைத்தால் 1,000 மில்லிகிராம் ஃபுளோரைடு கொண்ட மூலக்கரைசல் கிடைக்கும். அதை நீர்க்கச் செய்து நடத்திய சோதனையில், ஃபுளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா நன்றாகவே வேலை செய்யும். பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரில் அதே அலுமினாவின் கொள்ளளவு இறங்கிவிடும். அலுமினா படுகையின் உயரம், நீர் ஓடும் வேகம், தீர்ந்த அலுமினாவை எத்தனை முறை மீளுருவாக்கம் செய்தார்கள் என்ற அட்டவணைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பொருத்த நினைப்பவருக்குத் தேவையானவை இவைதான்.

சமூகக் கொள்கை ஆய்வேடுகளில் ஆண்டு முக்கியம். இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. தளத்தில் ‘முடித்த தேதி’ 2015 என்று இருந்தாலும், கள ஆய்வு 2010-இல் நடந்திருக்கலாம். பட்டத்துக்கும் களப்பணிக்கும் இடையே சில ஆண்டு இடைவெளி சாதாரணம். திட்டத்துக்கு முன் எடுத்த தரவைப் பின் எடுத்ததாக மேற்கோள் காட்டிவிட்டால் வாதமே தலைகீழாகிவிடும். களப்பணி நடந்த மாதம், ஆண்டு இரண்டையும் முறையியல் இயலிலிருந்து குறித்துக்கொண்டு, தளம் காட்டும் தேதியை நூற்பட்டியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிகுந்த ஃபுளோரைடால் பற்களில் கறை படியும் பல் ஃபுளோரோசிஸைக் கணக்கெடுத்த ஆய்வாக இருந்தால், அதன் கடுமையை வகைப்படுத்தும் டீன் குறியீட்டின் ஆறு படிகளையும் தனித்தனியே கொடுத்திருக்கிறார்களா, ‘உண்டு, இல்லை’ என்று இரண்டாகச் சுருக்கிவிட்டார்களா என்றும் பாருங்கள். சுருக்கியதை வேறு மாவட்டத்தோடு ஒப்பிட முடியாது.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள்தான் இந்தத் தளத்தில் மிகவும் வருத்தம் தருபவை. உழைப்பு அத்தனையும் இருக்கிறது, தேடினால் அகப்படுவதில்லை. பழையவை வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. அதற்குப் பின் வந்தவற்றில் கணிசமானவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பாமினி எழுத்துருவில் இருக்கும் ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். கூகுளுக்கும் அது அப்படித்தான் தெரியும். இதற்கு எழுத்துரு மாற்றி போதும். பாமினியிலிருந்து யூனிகோடு என்று கொடுத்தால் பத்தி பத்தியாக மாற்றிவிடலாம். படமாக இருப்பவற்றுக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்து ஓட்ட வேண்டும். பக்கம் 300 டிபிஐக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ‘ர’ எழுத்தையும் துணைக்காலையும் (ா) அது குழப்பிக்கொள்ளும் என்பதால் ஊர்ப்பெயர்களையும் எண்களையும் கண்ணால் ஒருமுறை ஒப்பிடாமல் எடுத்தாள வேண்டாம்.

எல்லாமே இங்கே இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ஐஐடிகள் மானியக் குழுவின் இந்த விதிமுறைக்குள் வருவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சொந்த ஆய்வேட்டுக் களஞ்சியம் உண்டு, அங்கேயும் தேட வேண்டும். காப்புரிமை, வெளியீடு காரணமாகச் சில ஆய்வேடுகள் குறிப்பிட்ட காலம் மூடியிருக்கும். இன்னும் முடியாத ஆய்வுகளின் முன்மொழிவுகளுக்கு ஷோத்கங்கோத்ரி என்ற தனித்தளம் இருக்கிறது. புதிதாகத் தலைப்பு எடுப்பவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் பதிவு செய்தால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்யும் நிலை வராது.

மேற்கோள் காட்டும்போது முகவரிப் பட்டையில் இருப்பதை எடுக்காமல், ஆய்வேட்டுப் பக்கத்தில் 10603 என்று தொடங்கும் நிலையான எண்ணை எடுங்கள். உரிமம், ஆக்கர் பெயர் சொல்லி, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0. வினாநிரலை எடுத்துப் பயன்படுத்த அதுவே போதும். ஆனால் ஆய்வாளர் வேறொருவரின் அளவுகோலை வாங்கிச் சேர்த்திருந்தால் அதன் உரிமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இவ்வளவு குறைகளோடும் இதற்கு ஈடாக இந்தியாவில் வேறொன்று இல்லை. குறைகளில் பெரும்பகுதி பதிவேற்றும் இடத்திலேயே சரிசெய்யக் கூடியவை. எழுத்துப் பிழையோ விட்டுப்போன கோப்போ கண்டால் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் ஷோத்கங்கா ஒருங்கிணைப்பாளருக்கு 10603 எண்ணோடு எழுதுங்கள். இந்த ஆண்டு ஆய்வேடு ஒப்படைக்கப் போகிறவர்கள், கோப்பை நூலகத்தில் கொடுக்கும் முன் அதைத் திறந்து, உங்கள் தலைப்பில் இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுகட்டத்தில் அடித்துப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள், பின்னிணைப்புக் கோப்பையும் எண்ணிப் பார்த்துக் கொடுங்கள்.