வனேடியம் காபைட்டுப் பூச்சு: எட்டு மாதப் பயன்பாட்டின் பின்

கொக்குவிலில் உள்ள எங்கள் பட்டறையில் புட்டுக்குழலுக்கான எவர்சில்வர் மூடிகளை அழுத்தி எடுக்கும் அச்சு ஒன்றுக்கு, கொழும்பு முகவர் ஒருவரின் ஊடாக இந்தியாவிலுள்ள வெப்பப் பதனிடும் நிறுவனமொன்றில் வனேடியம் காபைட்டுப் பூச்சு (வனேடியம் என்னும் உலோகமும் காபனும் சேர்ந்த மிகக் கடினமான படை) இடுவித்தோம். எட்டு மாதங்கள் வேலை வாங்கிய பின்னரே இதனை எழுதுகிறேன். பூச்சில் எனக்குக் குறையில்லை, சேவையில் உண்டு.

எவர்சில்வர் தகட்டை இழுத்து வடிவமைப்பவர்களுக்கு அதன் குணம் தெரியும். தகடு அச்சின் வளைவில் அழுந்தி வழுக்கும்போது அதன் நுண்துணுக்குகள் அச்சிலேயே பற்றிக்கொள்ள, அடுத்து வரும் ஒவ்வொரு மூடியின் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கீறல் விழும். முந்நூறு மூடிகளுக்கு ஒரு தடவையாவது அச்சைக் கழற்றி எண்ணெய்க்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தோம். முன்பு குரோம் முலாம் பூசியும் பார்த்தோம். அது நான்காம் மாதத்தில், மிகக் கூடுதலாக உரசும் வளைவிலேயே உரிந்தது.

இப்பூச்சு முலாம் போன்று வெளியிலிருந்து ஒட்டப்படுவதன்று. ஜப்பானின் ரொயோட்டா ஆய்வுகூடத்தில் உருவான இம்முறையில், ஏறக்குறைய 850 முதல் 1050 பாகை செல்சியஸ் வரையில் உருகிய வெண்காரத்தில் வனேடியம் கலந்த இரும்பைக் கரைத்து, அதனுள் அச்சைச் சில மணித்தியாலங்கள் அமிழ்த்தி வைக்கிறார்கள். நம்மூர்ப் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதும்போது தடவுகின்ற அதே வெண்காரந்தான். உருக்கின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும் காபன், வெளியில் காத்திருக்கும் வனேடியத்துடன் சேர்ந்து காபைட்டாகிறது. ஆகவே காபனை அச்சே கொடுக்க வேண்டும். காபன் குறைந்த சாதாரண இரும்பில் இது பயன் தராது. எங்களது அச்சு டீ-2 எனும் கருவி உருக்கு, அதில் 1.5 வீதம் காபனும் 12 வீதம் குரோமியமும் உண்டு. படை தடிக்கத் தடிக்கக் காபன் கடக்க வேண்டிய தூரமும் கூடுவதால், இருமடங்கு தடிப்பு வேண்டுமாயின் ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பொதுவாக 5 முதல் 15 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு) வரை போதுமானது. நன்கு கடினப்படுத்திய டீ-2 உருக்கு, கடினத்தன்மையை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில் ஏறத்தாழ 700இல் நிற்க, வனேடியம் காபைட்டு 2500ஐத் தாண்டும்.

பலனைச் சொல்வதானால், முதல் நாளே ஆயிரம் மூடிகள் எடுத்த பின் அச்சின் வளைவில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் எங்கும் தடக்கவில்லை. சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்த பரப்பு, உரசும் இடத்தில் மட்டும் மினுங்கத் தொடங்கியிருந்தது. இந்த எட்டு மாதங்களில் கீறலுக்காக அச்சை ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. எண்ணெயையும் குறைத்துவிட்டோம், ஆதலால் மூடிகளைக் கழுவும் வேலையும் குறைந்தது.

இனிக் குறைகள். டீ-2 உருக்குக்கு 1020 பாகை அளவில் பூச்சையும் கடினப்படுத்தலையும் ஒரே சூட்டில் முடித்துவிடலாம் என்பது இம்முறையின் வசதி. ஆயினும் அதன் பொருள், இறுதி அளவுக்குக் கடைந்து முடித்த அச்சு மீண்டும் ஒரு தடவை செஞ்சூடாகிக் குளிர்கிறது என்பதே. எங்கள் அச்சு வளையம் 0.04 மில்லிமீற்றர் நீள்வட்டமாகித் திரும்பி வந்தது. முன்கூட்டியே ஒரு தடவை கடினப்படுத்திப் பதம் இறக்கி (நொறுங்காதிருக்க மிதமாக மீண்டும் சூடாக்கி), அளவு எவ்வளவு மாறுகிறதெனப் பார்த்த பின்பே கடைசிக் கடைசல் செய்ய வேண்டும் என்பதை, அச்சைப் பெற்றுக்கொள்ளும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பூச்சு வந்த பின் சாணைக்கல்லால் சரி செய்ய முயன்றால் அந்த மெல்லிய படை போய்விடும். வைரப் பசையால் மினுக்கத்தான் முடியும். எங்கள் மூடிக்கு அந்த நெளிவு தாங்கக்கூடியதாக இருந்ததனால் தப்பினோம்.

மற்றையது அவர்கள் அனுப்பிய சான்றிதழ். ‘கடினத்தன்மை 61 றொக்வெல்’ என்று மட்டும் அதில் இருந்தது. றொக்வெல் என்பது ஊசியை அழுத்தி, அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு கடினத்தை அளக்கும் இன்னோர் அளவுகோல். அந்த அளவுள்ள உருக்கில் றொக்வெல் ஊசி ஏறக்குறைய 80 மைக்ரோன் ஆழத்துக்கு இறங்கும். பத்து மைக்ரோன் பூச்சைத் துளைத்துக்கொண்டு அது அளந்தது அடியிலிருக்கும் உருக்கைத்தான். பூச்சு இருக்கிறதா, எவ்வளவு தடிப்பு என்பதற்கு அத்தாளில் விடையே இல்லை. அரத்தால் உரசிப் பார்த்தால் தெரியும் என்றார் முகவர். பூச்சில்லாத 60 றொக்வெல் உருக்கிலும் அரம் வழுக்கத்தானே செய்யும்! போல்ட் துளைகளுக்குள் வெண்காரம் கண்ணாடி போல் உறைந்திருந்ததையும் சொல்ல வேண்டும். கொதிநீரில் இரண்டு நாள் ஊறப்போட்டே அகற்றினோம்.

தகட்டை அச்சுக்குள் அழுத்தும் குத்துளிக்கு இப்போது அதே பூச்சை அதே நிறுவனத்திலேயே இடக் கொடுத்திருக்கிறோம். இம்முறை அதனை இங்கேயே கடினப்படுத்தி, 500 பாகைக்கு மேல் இரு தடவை பதம் இறக்கி, அளவு மாற்றத்தைக் குறித்துக்கொண்டு அனுப்பினோம். கூடவே அதே உருக்கில் விரல் நீளத் துண்டு ஒன்றும் போயிருக்கிறது. அதையும் அதே குளியலில் இட்டு, குறுக்கே வெட்டி, நுணுக்குக்காட்டியில் படையின் தடிப்பையும் நுண்விக்கர்ஸ் (மிகச் சிறு பளுவில் அளக்கும் விக்கர்ஸ்) எண்ணையும் எழுதித் தந்தால்தான் மீதிப் பணம் என்று முகவரிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.