கேம் ஆடும்போது அணைந்துபோகும் லேப்டாப்: நீண்டகாலப் பயன்பாட்டில் எது உதவியது, எது உதவவில்லை

ஐ5-9300எச் ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ். 2019, 2020 வாக்கில் நடுத்தர பட்ஜெட்டில் கேமிங் லேப்டாப் தேடிய பலர் வாங்கியது இந்த ஜோடியைத்தான். என்னுடையதும் அதுவே, இன்றுவரை அதில்தான் ஆடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் மதுரை வெயில் ஏறிய ஒரு மே மாதத்தில் ஆட்டத்தின் நடுவே பட்டென்று அணைய ஆரம்பித்தது. நீலத்திரை கிடையாது, எர்ரர் மெசேஜ் கிடையாது. உடனே பவர் பட்டனை அழுத்தினாலும் சில சமயம் ஆன் ஆகாது, கொஞ்சம் ஆறிய பிறகுதான் உயிர் வரும்.

இப்படி அணைந்தால் சூடுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், அடாப்டர் பழுதானாலும் இதே மாதிரிதான் போகும். பிரித்தறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் லாகிங்கை ஆன் செய்துவிட்டு ஆடுவது. அது சில விநாடிகளுக்கு ஒருமுறை எல்லா வெப்பநிலைகளையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும், லேப்டாப் அணைந்தாலும் அதுவரை எழுதியது மிஞ்சும். என் கோப்பின் கடைசி வரியில் ப்ராசஸர் 99, கிராபிக்ஸ் 86. இதே இடத்தில் உங்களுக்கு 70, 75 என்று இருந்தால் அடாப்டரையும் பேட்டரியையும் முதலில் சோதியுங்கள். விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று வருவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது.

இந்த ப்ராசஸரின் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும். அணைந்துபோவது அதற்கும் அடுத்த கட்டம். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை, அல்லது ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் கொதிக்கின்றன என்று அர்த்தம். அதனால் வெறும் திணறல் என்றால் செட்டிங்கில் சரிசெய்யப் பார்க்கலாம், அணைகிறது என்றால் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

வாரன்ட்டி முடிந்திருந்தது. கொண்டுபோன சர்வீஸ் சென்டரில் பின்மூடியைக்கூடக் கழற்றாமல் போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள். அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் வீட்டில் திறந்து பார்த்தபோது போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போல அடர்ந்து கிடந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று வெளியே போக வழியே இல்லை. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இது போகாது, ஃபேனைக் கழற்றிக் கையால்தான் எடுக்க வேண்டும். திறப்பவர்கள் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள், பிரஷ் போடும்போதோ காற்று அடிக்கும்போதோ ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் செம்புப் பாகமான ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் எண் போட்டிருக்கும், மாட்டும்போது அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

தூசியை எடுத்து, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்து ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 என்ற புது பேஸ்ட் போட்டதும் ப்ராசஸர் 85க்கு இறங்கியது, அணைவது நின்றது. ஆனால் மாதங்கள் போகப் போக வெப்பநிலை மறுபடி மெதுவாக ஏறியது. லேப்டாப் சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மெல்லிய பேஸ்ட்டை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்த முறை பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் போட்டேன். இது அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளியை நிரப்பும், அதனால் பேஸ்ட் போல ஒதுங்கிப்போவதில்லை. இரண்டு கோடைகள் தாண்டியும் அளவு அப்படியே நிற்கிறது. போலிச் சரக்கும் சந்தையில் உண்டு, வாங்கும் இடத்தை விசாரித்து வாங்குங்கள்.

கூலிங் பேடு? மூன்று நான்கு டிகிரி குறையும், அவ்வளவுதான். லேப்டாப்பின் அடிப்பக்கத் துளைகளும் பேடின் ஃபேன்களும் நேராக வராவிட்டால் அதுவும் இல்லை. பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது, காசு மிச்சம்.

ஆனால் இத்தனை நாள் பயன்பாட்டில் உண்மையிலேயே பெரிய வித்தியாசம் தந்தது, சூட்டை வெளியேற்றுவதைவிடச் சூட்டையே குறைவாக உண்டாக்குவது. இந்த லேப்டாப்பில் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே செம்புக் குழாய்கள், ஒன்றின் சூடு மற்றதையும் ஏற்றிவிடும். விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் அதிகபட்ச அளவை 99 சதவீதமாக வைத்தால் தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ நின்று, 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் சிப் 2.4க்கு இறங்கிவிடும். சூடு மடமடவென்று குறையும். ஜிடிஏ 5 போன்ற விளையாட்டில் எனக்குப் பெரிய இழப்பு தெரியவில்லை, வேலரன்ட்டில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) நன்றாகவே அடிவாங்கியது. அதனால் இப்போது த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் ப்ராசஸரின் நீண்டநேர மின்சக்தி வரம்பை 45 வாட்டிலிருந்து 30க்குக் குறைத்து வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். வோல்டேஜைக் குறைப்பது இன்னும் நல்ல வழிதான், ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பல லேப்டாப்களில் அதைப் பூட்டிவிட்டன, என்னுடையதும் அதில் ஒன்று.

இன்னொன்று எஃப்பிஎஸ் வரம்பு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' என்று இருக்கிறது, அதில் 60 போட்டுவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 140 எஃப்பிஎஸ் ஓடினால் அந்தக் கூடுதல் உழைப்பில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது, அதுவும் சில கேம்களின் மெனு திரையில்தான் கிராபிக்ஸ் தேவையே இல்லாமல் முழு வீச்சில் ஓடும்.

இப்போது ஏசி இல்லாத அறையில், மே மாதப் பகலில் ப்ராசஸர் 80, கிராபிக்ஸ் 74 என்று நிற்கிறது. ராத்திரி இன்னும் குறையும். அணைவது அறவே இல்லை. இடது ஃபேன் மட்டும் தொடக்கத்தில் கரகரவென்று சத்தம் போடுகிறது, பேரிங் தேய்ந்துவிட்டது. மாடல் எண்ணைச் சொல்லி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், கிடைத்ததும் மாற்றிவிடுவேன்.