தார் வண்டியின் வின்ச்சுக்கு இழைக்கயிறு: இரண்டு மழைக்காலத்துக்குப் பின்

என் மஹிந்திரா தார் வண்டியில், சிக்கிக்கொண்டால் மரத்தில் கயிறு கட்டி வண்டியை இழுத்து மீட்கும் கருவியான வின்ச் இருக்கிறது. 9,500 பவுண்டு இழுவைத்திறன் கொண்ட அதிலிருந்து கம்பிவடத்தைக் கழற்றிவிட்டு, 10 மில்லிமீட்டர் தடிமனும் 28 மீட்டர் நீளமும் உள்ள டைனீமா எஸ்கே75 என்ற செயற்கை இழைக் கயிற்றை மாட்டி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. கயிற்றின் மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் அதை வாங்கியபோது நான் எதைக் கவனித்தேன், எதைக் கவனிக்கவில்லை என்பதில்தான்.

நான் கவனித்தது அறுபடும் பளுவை மட்டுமே. இந்தத் தடிமனுக்கு நல்ல தயாரிப்பாளர்கள் சுமார் 9 டன் சொல்கிறார்கள். வின்ச்சோ டிரம்மின் (கயிறு சுற்றும் உருளையின்) முதல் சுற்றடுக்கில் 4.3 டன் இழுக்கும், அடுக்கு ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே வலிமையில் தட்டுப்பாடே இல்லை. எடையில் கிடைத்த லாபம் இன்னும் பெரிது: பத்துக் கிலோ கம்பிவடம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றரைக் கிலோ கயிறு இருக்கிறது, சேற்றுச் சரிவில் கம்பிவடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தை நோக்கி ஏறியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பிச் சிலும்பு கையில் ஏறும் தொல்லையும் போயிற்று. அறுந்தால் கம்பிவடம்போல் சாட்டையாக வீசாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நுனியில் உள்ள கொக்கியும் ஷேக்கிள் என்ற இணைப்பு வளையமும் இரும்புதான், அவை பறக்கும் என்பதால் இழுவைக் கோட்டில் எவரும் நிற்கக் கூடாது.

கவனிக்கத் தவறியது வெப்பம். இந்த இழை ஒருவகைப் பாலிஎத்திலீன். 150 டிகிரி செல்சியஸுக்குச் சற்று முன்பே உருகிவிடும், அதற்கு வெகு முன்னரே வலிமையை இழக்கத் தொடங்கும். என்னுடையதைப் போன்ற பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. வண்டியை மேலே இழுக்கும்போது அதனால் கவலையில்லை. சரிவில் பளுவோடு கீழே இறக்கும்போதுதான் பிரேக் உரசி டிரம் கொதிக்கிறது, அதன்மீது படிந்திருக்கும் அடிச்சுற்று வேகிறது. நீண்ட சரிவொன்றில் இரண்டு முறை அப்படி இறக்கிய பிறகு பார்த்தால், அடிச்சுற்று கண்ணாடிபோல் பளபளத்து விறைத்துக் கிடந்தது. மூன்று மீட்டரை வெட்டி எறிந்தேன். அடிச்சுற்றுக்கு வெப்பத்தடுப்பு உறை போட்ட கயிறு சற்று விலை கூடுதல் என்று அதை விட்டுவந்தது என் கஞ்சத்தனம்.

இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வின்ச்சுக்கு முன்னால் கயிற்றுக்கு வழிகாட்டும் ஃபேர்லீடு என்னிடம் உருளை வைத்த பழைய வகை. அதைக் கம்பிவடம் வரிவரியாக அரித்திருந்ததால், புதுக் கயிற்றை அது ஒரே நாளில் பிய்த்திருக்கும். வழவழப்பான அலுமினிய ஃபேர்லீடுக்கு மாற வேண்டியதாயிற்று. கயிறு வழுக்கும் தன்மையுடையது என்பதால் டிரம்மில் எப்போதும் எட்டுச் சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும், முதல் முறை சுற்றும்போது இழுவிசை கொடுத்தே சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். முடிச்சுப் போட்டால் பாதி வலிமை போய்விடும், எனவே புரிகளுக்குள் செருகிப் பின்னும் முறையைக் கற்றுக்கொள்வது நல்லது. புரிகளுக்கிடையே புகும் மணல் இழைகளை உள்ளிருந்தே அறுப்பதால், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் அலசுகிறேன்.

வாங்கும்போது இழையின் பெயரையும் அறுபடும் பளுவுக்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் நுழைந்த கடையில், அசல் சரக்கு என்பதற்குச் சாட்சியாக ஒரு வாளித் தண்ணீரில் கயிற்றை மிதக்கவிட்டுக் காட்டினார்கள். டைனீமா மிதக்கும்தான், கிணற்றடியில் கட்டும் பாலிபுரொப்பிலீன் கயிறும் மிதக்கும்.