பழைய லேப்டாப்பை நேரா மாத்திக்கலாமா, வித்துட்டு டெஸ்க்டாப் வாங்கலாமா?

லேப்டாப் குடுங்க டெஸ்க்டாப் தரேன்னு ஓஎல்எக்ஸ்ல யாராவது போட்டா பாக்க ஈஸியாதான் தெரியும், காசு கைமாற வேண்டாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும். ஆனா முன்ன பின்ன தெரியாத ஆளு, ரெண்டு பொருளையும் ஒரே நேரத்துல செக் பண்ணணும், அங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

அவர் வீட்டுலயே டெஸ்க்டாப்பை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டா டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும், பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற அடிப்படை செட்டிங்ஸ்ல, பாஸ்வேர்ட் இருக்கான்னு பாருங்க, அப்புறம் பிராசஸர் ரொம்ப முக்கியம், இன்டெல் 7வது ஜெனரேஷன்னா அனேகமா விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. ஒரிஜினல் பில் இல்லைன்னா வாங்கவே வாங்காதீங்க, திருட்டுப் பொருளா இருந்தா மாட்டுறது நாமதான்.

வித்துட்டு வாங்குறது அலைச்சல். சென்னைன்னா கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கணும், கடைக்காரர் லாபம் வச்சுதான் லேப்டாப்பை எடுப்பார், பேட்டரி வீக்குன்னா இன்னும் குறைப்பார். ஆனா பில் கேட்டு வாங்கலாம், பிரச்சனைன்னா திரும்பப் போய் நிக்க ஒரு இடம் இருக்கு.

எந்த வழியா இருந்தாலும் மானிட்டர், யூபிஎஸ் செலவைச் சேர்த்துக்கோங்க, கரண்ட் போனா லேப்டாப் மாதிரி டெஸ்க்டாப் தாங்காது. குடுக்குறதுக்கு முன்னாடி போட்டோவெல்லாம் எடுத்துட்டு, அக்கவுன்ட்ல இருந்து வெளிய வந்து, முழுசா ரீசெட் பண்ணிடுங்க.

நான் வித்துட்டுதான் வாங்குவேன். பில்லோட, பொறுமையா செக் பண்ண விடுற ஆளு கிடைச்சா மட்டும் மாத்திக்குவேன்.