டிசி பின்னா, டைப்-சியா? சார்ஜர் முனைகள் ஓர் ஒப்பீடு

ரவுட்டர், ஸ்பீக்கர் ஆகியவற்றோடு வரும் உருண்டையான டிசி பின்னின் வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மி.மீ.; உள்விட்டம் 2.1 அல்லது 2.5 மி.மீ. இதே பின்னில் 5, 9, 12, 19 வோல்ட் எதுவும் வரலாம். நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் தயாரிப்பாளர் இஷ்டம். 12 வோல்ட் அடாப்டர் 5 வோல்ட் சாதனத்தில் கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே ஏதாவது கருகிய பிறகுதான் தப்பு தெரியும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முனை இருந்தால் தவறான சார்ஜரைச் செருக வழியில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

டிசி பின்னின் பலம் எளிமை. இரண்டே கம்பி, சிப் கிடையாது. மல்டிமீட்டரை வைத்தால் எத்தனை வோல்ட், எது பாசிட்டிவ் என்பது உடனே தெரிந்துவிடும். ஒடிந்தால் சால்டர் செய்து மாற்றலாம்.

இன்றைய போன்களில் வரும் யுஎஸ்பி டைப்-சி முனையில் 24 பின்கள். சார்ஜிங்கைத் தீர்மானிப்பவை சிசி1, சிசி2 என்ற இரண்டு. சாதனத்தில் இந்த ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு (நெகட்டிவ் பக்கத்துக்கு) ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்க வேண்டும். அதைக் காணும்வரை சி போர்ட் சார்ஜர் மின்சாரமே தராது. கண்டதும் 5 வோல்ட். சாதனம் கேட்டால் மட்டும் 9, 15, 20. இயர்போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே சார்ஜர் போதும் என்பது இந்தப் பேச்சுவார்த்தையால்தான். முனையின் வடிவம் ஒன்றானதை விட இதையே பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன்.

ரெசிஸ்டரில் கை வைத்தால் எல்லாம் கெடும். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் பதிப்பில் இரண்டு சிசி பின்களுக்கும் ஒரே ரெசிஸ்டர். தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் சிப் உள்ள கேபிளைப் போட்டால், சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர் என்று நினைத்து மின்சாரம் தராது. சாதாரண கேபிளில் ஓடும். மலிவான சில சாதனங்களில் ரெசிஸ்டரே இருக்காது. இரு முனையும் டைப்-சியான சி-டு-சி கேபிளில் சார்ஜ் ஏறாமல், ஏ-டு-சி கேபிளில் ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும் என்பதால் அங்கே தப்பிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் ஒரே முனைக்குப் பின்னால் கேபிள்கள் இன்னும் பல ரகம். சிப் இல்லாத சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரைதான். அதற்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 240 வாட் வரை போகும். 240 வாட் கேபிளே டேட்டாவில் நொடிக்கு வெறும் 480 மெகாபிட்டாகவும் இருக்கலாம். வாட், வேகம் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். எதுவும் அச்சிடாத கேபிளை 60 வாட், 480 மெகாபிட் என்றே வைத்துக்கொண்டு, அதன் கழுத்தில் ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள்.