இமயத்தின் அடியை எப்படிப் பார்ப்பது: வெடியா, தொலைதூர நிலநடுக்கமா?

இந்திய மேலோடு இமயத்துக்குக் கீழே எந்தச் சாய்வில் போகிறது, மோஹோ, அதாவது மேலோடு முடிந்து அதன் கீழுள்ள அடுக்கு தொடங்கும் எல்லை, எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று அறிய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. துளையில் வெடி வைத்து எதிரொலியைப் பதிவது ஒன்று. 1992-ல் தெற்குத் திபெத்தில் இன்டெப்த் என்ற ஆய்வுக் குழு செய்தது இதைத்தான். மற்றொன்று, மெதுவான அதிர்வு முதல் வேகமான அதிர்வு வரை பதியும் அகல்பட்டை நிலநடுக்கமானிகளை நட்டுவிட்டு, தொலைவில் பூமி குலுங்கக் காத்திருப்பது. ஹை-கிளைம்ப் என்ற ஆய்வுக் குழு 2002 முதல் 2005 வரை கங்கைச் சமவெளியிலிருந்து நேபாளம் வழியே திபெத்துக்குள் சுமார் 800 கி.மீ. நீளத்துக்கு இப்படிக் கருவிகளை வைத்தது.

கூர்மையில் வெடிதான் முன்னே நிற்கிறது. 20 ஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் போனால் அலைநீளம் 300 மீட்டர். அதில் கால்பங்கு தடிமனுள்ள அடுக்கு வரை பிரித்தறியலாம். ஆனால் 75 கி.மீ. ஆழத்து மோஹோவின் எதிரொலி திரும்பி வர 24 நொடி ஆகும். அதற்குள் அது நைந்துபோகும். துளையை ஐம்பது மீட்டர் அளவுக்கு இறக்கி, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே வெடியை வைத்து, மேலே இறுக்கி அடைக்க வேண்டும். அடைப்பு தளர்ந்தால் ஆற்றல் துளை வழியே பீறிட்டு வெளியேறிவிடும். இமயத்தில் வெடியும் கருவியும் வைக்கும் கோடு பள்ளத்தாக்குப் பாதையோடு வளைந்துதான் போகும். பக்கத்து மலைச்சரிவிலிருந்து வரும் எதிரொலி, ஆழத்து அடுக்கு போலவே வேடம் போடும்.

நிலநடுக்க முறை, அதாவது ரிசீவர் ஃபங்ஷன், மோஹோவில் பி அலை (முதலில் வரும் அழுத்த அலை) எஸ் அலையாக (மெதுவாக வரும் குறுக்கலை) மாறுவதைப் பயன்படுத்துகிறது. 40 கி.மீ. மேலோட்டுக்கு அந்த எஸ், பி-க்குப் பின்னால் சுமார் 5 நொடியிலும், 75 கி.மீ.-க்கு 9 நொடியிலும் வரும். பூமி வட்டத்தில் 30 முதல் 90 பாகைத் தொலைவிலுள்ள, 5.5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் போதும். போதிய எண்ணிக்கை சேர ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். அவற்றில் பெரும்பகுதி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கத்திலிருந்தே வரும். 70 கி.மீ. ஆழத்தில் அலை மாறும் புள்ளி கருவிக்கு நேர் கீழே இருக்காது. நிலநடுக்கம் வந்த திசையில் 15 கி.மீ. தள்ளியிருக்கும். ஆகவே வரைபடத்தில் கருவியின் கீழே வரைந்த மோஹோ உண்மையில் கிழக்கே உள்ள மோஹோ. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் சாய்வே தப்பாகிவிடும்.

இதைவிடப் பெரிய படுகுழி வேக விகிதம். பி, எஸ் வேகங்களின் விகிதத்தை 1.73-க்குப் பதிலாக 1.80 என்று எடுத்தால், 70 கி.மீ. மோஹோ 64 கி.மீ.-க்கு ஏறிவிடும். கங்கைச் சமவெளியில் இன்னொரு தொல்லை: பல கி.மீ. தடித்த வண்டலுக்குள் அலை முட்டி மோதித் திரும்பும் ஓசை, 5 நொடியில் வரும் மோஹோ அலையின் மேலேயே வந்து உட்காரும். கருவியின் வடக்குக் குறி 10 பாகை விலகியிருந்தாலும், அலை வரும் திசைக்குக் குறுக்கான அசைவைக் காட்டும் கூறில் ஆற்றல் கசியும், இல்லாத சாய்வு தெரியும். பி அலையின் அசைவுத் திசையைக் கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடலாம்.



1994-ல் இன்டெப்த் இரண்டாம் கட்டத்தில், தெற்குத் திபெத்தின் யாடோங்-குலு பிளவின் கீழே 15–20 கி.மீ. ஆழத்தில் பளிச்சென்ற எதிரொலிகள் கிடைத்தன. உருகிய பாறையா, உப்புநீரா? எதிரொலி எல்லையைக் காட்டுமே தவிர, உள்ளே இருப்பது என்னவென்று சொல்லாது. எஸ் அலை மாற்றத்தையும் மின்கடத்தலையும் சேர்த்துப் பார்த்தே விவாதித்தார்கள்.

எங்கள் தேர்வு: முழு உருவத்துக்கு முதலில் நிலநடுக்கமானி வரிசை, பிறகு உந்துப்பிளவின் (இந்திய மேலோடு இமயத்துக்குக் கீழே வழுக்கிச் செல்லும் பிளவின்) சாய்வு கூடும் இடத்தில் மட்டும் வெடி. 2015 ஏப்ரல் 25-ல் கோர்க்கா நிலநடுக்கத்தில் வழுக்கியது அந்த உந்துப்பிளவுதான். அதன் சாய்வு கூடும் மடிப்பு எங்கே என்பது காட்மாண்டுவில் வசிப்பவர்களைத் தொடும் கேள்வி. அங்கே 15 கி.மீ. ஆழத்தில் அலை மாறும் புள்ளி கருவியிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவுக்குள்ளேயே விழும். பத்து கி.மீ.-க்கு ஒரு கருவி என்று நட்டால் நடுவே எதுவும் தெரியாது. நான்கு கி.மீ.-க்கு ஒன்றாவது வேண்டும்.