ஓட்டல் அறைக்குக் கார்டா, கிரிப்டோவா? ரத்து செய்த நாளில் தெரிந்தது

"எதற்கு அத்தான் பேங்குக்கு நாலு சதவீதம் அழுகிறீர்கள்?" என்றான் என் மைத்துனன். வியட்நாம் போவதற்காக நானும் மனைவியும் அறைகளை முன்பதிவு செய்துகொண்டிருந்த நேரம். அவன் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். கிரிப்டோவில், அதாவது பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களில், பல வருடப் பழக்கம். எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி சபலம். கடைசியில் ஹுவே நகரில் இரண்டு இரவுகளுக்கு 96 டாலரைக் கிரெடிட் கார்டிலும், ஹோய் ஆனில் மூன்று இரவுகளுக்கு 212 டாலரைக் கிரிப்டோவிலும் கட்டினேன். இரண்டுமே கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகள். நான் கார்டு கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்சி சேர்ந்தது பயணத்துக்குப் பிறகுதான்.

கிரிப்டோவில் பயணம் என்பது புதிய சங்கதி அல்ல. லாட்வியாவின் ஏர்பால்டிக் விமான நிறுவனம் 2014லேயே பிட்காயின் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தது. அதே ஆண்டு ஓட்டல் அறைகளுக்குப் பிட்காயினை ஏற்ற எக்ஸ்பீடியா என்ற பயண முன்பதிவுத் தளம் 2018ல் நிறுத்திக்கொண்டது. இன்று டிராவலா போல இதையே தொழிலாகக் கொண்ட தளங்கள் இருக்கின்றன. ஆகவே கட்ட முடியுமா என்பது கேள்வியே இல்லை.

செலவைப் பார்ப்போம். என் கார்டில் அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்கு வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம், 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 4.13. மைத்துனன் சொன்ன நாலு சதவீதம் இதுதான். நான் வாங்கிய கிரிப்டோ யுஎஸ்டிடி. ஒன்று ஒரு டாலருக்குச் சமம் என்று பெயர். ஆனால் டாலர் 85 ரூபாய்க்குப் போன அன்று கிரிப்டோ வாங்கி விற்கும் நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் எனக்கு அது 89 ரூபாய்க்குத்தான் கிடைத்தது. 212 டாலருக்கு 18,868 ரூபாய். கார்டில் கட்டியிருந்தால் மார்க்அப், வரி எல்லாம் சேர்த்து 18,764. மிச்சம் பிடிக்கப் போய் நூற்றுச் சொச்சம் கூடுதலாகக் கொடுத்ததுதான் கண்ட பலன். மார்க்அப்பே இல்லாத கார்டுகளும் வந்துவிட்டன. அது கையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

கட்டும் சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் கட்டம் கட்டமாகக் க்யூஆர் படம், பக்கத்தில் இருபது நிமிடத்திலிருந்து இறங்கும் கடிகாரம். எந்த நெட்வொர்க், அதாவது பணம் எந்த வழியில் போக வேண்டும் என்று கேட்டது; தவறானதைத் தொட்டால் பணம் போன இடம் தெரியாது என்பதால் டிரான் என்ற பெயரை மூன்று முறை சரிபார்த்தேன். 212 அனுப்பினேன். எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணமாக ஒன்றை அதிலேயே கழித்துக்கொண்டு 211 அனுப்பியது. "தொகை குறைவு" என்று பக்கம் அப்படியே நின்றது. இன்னொரு டாலர் அனுப்பலாம் என்றால் எக்ஸ்சேஞ்சில் குறைந்தபட்சம் பத்து டாலர் எடுக்க வேண்டுமாம். கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருக்கையில் மைத்துனன் தன் வாலெட்டிலிருந்து அந்த ஒற்றை டாலரை அனுப்பி மானத்தைக் காப்பாற்றினான். ஹுவே அறைக்கு ஓடிபி அடித்தேன், முடிந்தது.

வரி விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு நம் நாட்டில் 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். விற்றால் மட்டும்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். அதைக் கொடுத்து டிக்கெட் வாங்கினாலும் கைமாற்றம்தான். 20,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயின் 60,000 ஆகி, அதில் டிக்கெட் எடுத்தால் 40,000 லாபம். 12,480 ரூபாய் வரி. இன்னொரு நாணயத்தில் நஷ்டப்பட்டதை இதில் கழிக்கவும் முடியாது. யுஎஸ்டிடியில் லாபம் அற்பம் என்றாலும் ரிட்டர்னில் தேதியும் விலையும் எழுதியாக வேண்டும்.

இவ்வளவையும்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். முடிவைத் தீர்மானித்தது ரத்து.

ஹுவேயும் ஹோய் ஆனும் இருக்கும் மத்திய வியட்நாமில் அக்டோபர், நவம்பர் மழைக்காலம், தெரிந்தேதான் போனோம். ஆனால் நாங்கள் ஹோ சி மின் நகரில் இருந்தபோது, ஹோய் ஆனில் து போன் ஆற்று நீர் பழைய நகரத் தெருக்களுக்குள் வந்துவிட்டது என்றார்கள். ஒரே இரவில் இரண்டு அறைகளையும் ரத்து செய்துவிட்டுத் தெற்கே மேகாங் பக்கம் கான்தோவுக்குப் போனோம்.

கார்டுப் பணம் ஒன்பதாம் நாள் வந்தது. முழுசாக அல்ல. 8,497 ரூபாய் போய் 8,140 திரும்பியது. மார்க்அப்பும் அதன் வரியும் போனது போனதுதான். டாலர் விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எரிச்சல்தான், ஆனாலும் யாரையும் கெஞ்சவில்லை. வராமல் போயிருந்தாலும் வழி உண்டு: கட்டணத்தை எதிர்த்துப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக்கை வங்கியிடம் கேட்கலாம், வங்கி முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கிரிப்டோவில் கட்டிய 212 டாலரும் ஒரு சல்லி குறையாமல் அன்றே வந்தது, அந்தத் தளத்தின் கிரெடிட்டாக. ஒரு வருடத்துக்குள் அங்கேயே செலவழிக்க வேண்டும். நாணயமாகக் கொடுங்கள் என்று எழுதியதற்கு, விதிமுறையின் பத்தியைக் காட்டினார்கள். பத்தி இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பிறகு யோசித்தால் அதன் காரணமும் புரிகிறது. நாம் அனுப்பும் நாணயத்தை நடுவில் இருக்கும் நிறுவனம் உடனே டாலராக்கிவிடுகிறது. ஓட்டல்காரர் அதைக் கண்ணால்கூடக் காண்பதில்லை. கார்டு வலைப்பின்னலில் போன வழியே திரும்பி வரப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் கணக்கேட்டில், போனது போனதுதான். திருப்புவதென்றால் அவர்கள் மனமுவந்து புதிதாக ஒன்று அனுப்ப வேண்டும். பிட்காயினில் கட்டியிருந்தால் இன்னொரு தலைவலி: கட்டிய அன்றைய டாலர் மதிப்பையா, கொடுத்த அளவு பிட்காயினையா, எதைத் திருப்புவது? பெரும்பாலும் டாலர் மதிப்பைத்தான். நடுவில் பிட்காயின் ஏறியிருந்தால் நம் கைக்கு வருவது குறைந்த பிட்காயின்.

மைத்துனன் இதை ஒப்புக்கொள்வதில்லை. சம்பளமே யுஎஸ்டிடியில் வருவதால் அவன் 89 ரூபாய் கொடுத்து வாங்குவதில்லை; அவனுக்கு என் கணக்கு பொருந்தாது. வெளிநாட்டுத் தளங்களில் கார்டு மறுக்கப்பட்டு அவதிப்படுபவர்களுக்கும் இது உபயோகமாக இருக்கலாம். விமான டிக்கெட்டை நான் கிரிப்டோவில் எடுத்துப் பார்த்ததில்லை. என் அனுபவமெல்லாம் இந்த ஒரு ஓட்டல் அறைதான். ரத்து செய்ய முடியாத மலிவு விலை அறை, நாளைக்கே போகிறோம் என்றால் திரும்பப் பெறும் கேள்வி எழாது. அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் கிரெடிட்டைத் தீர்க்க, பொங்கல் விடுமுறைக்குக் கொடைக்கானலில் ஓர் அறை பார்த்தேன். ஏரிக்குப் பக்கம், இரண்டு இரவுகள். மனைவி அந்த ஓட்டலுக்கே போன் செய்து விலை கேட்டாள்; தளத்தில் இருப்பதைவிட 900 ரூபாய் குறைவு, காலை இட்லி, பொங்கலும் உண்டு என்றார்கள். கிரெடிட் காலாவதியாக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.